கோடை விடுமுறைக்கு ஒரு பேஸ்பால் அணி: மதுரையில் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

ஏப்ரல் கடைசியில் முழுப் பரீட்சை முடிந்துவிட்டால் ஜூன் தொடக்கம் வரை பிள்ளைகள் கையில் ஐந்தாறு வாரம் இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு பேஸ்பால் அணி சேர்க்கலாம் என்று நினைக்கும் பி.இ.டி. மாஸ்டரோ, தெருப் பையன்களைக் கூட்டி ஆடவைக்கும் அண்ணனோ முதலில் விசாரிப்பது பேட் என்ன விலை, க்ளவுஸ் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். கடைக்குப் போகும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு. எந்த ஆட்டத்தில் தொடங்குவது? தோல் பந்தில் ஆடும் முழு பேஸ்பாலா, பெரிய பந்தை அண்டர் ஆர்மாக வீசும் சாஃப்ட்பாலா, பேட்டும் க்ளவுஸும் இல்லாமல் ரப்பர் பந்தைக் கையாலேயே அடித்துவிட்டு ஓடும் பேஸ்பால் ஃபைவா?

மூன்றையும் பெரும்பாலும் செலவை வைத்தும் மைதானத்தை வைத்தும் ஒப்பிடுகிறார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் மூன்றாவது வாரத்தில் எத்தனை பேர் காலையில் எழுந்து வருவார்கள் என்பதை நிர்ணயிப்பது இன்னொன்று: ஸ்டிரைக், அதாவது அடிக்கத் தோதான இடத்தில் பந்து, போடத் தெரிந்த பிட்சரும், அதை அடிப்பவனுக்குப் பின்னால் இருந்து தவறவிடாமல் பிடிக்கும் கேட்சரும் உங்களிடம் இருக்கிறார்களா? இந்த இரண்டு பேர் இல்லாத அணிக்கு முழு பேஸ்பால் தண்டனை. பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, அடிப்பவன் நிற்கும் ஹோம் 18.44 மீட்டர். ஹோம் பிளேட்டின் அகலம் வெறும் 43 சென்டிமீட்டர். பந்து அதற்கு மேலாக, அடிப்பவனின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் போக வேண்டும். புதுப் பையன் பத்து பந்து எறிந்தால் மூன்று அப்படிப் போனாலே பெரிய விஷயம். நான்கு பந்து வெளியே போனால் அடிப்பவன் நடந்தே முதல் பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய முதல் மூலைக்கு, போய்விடுவான். கேட்சர் விட்ட ஒவ்வொரு பந்துக்கும் பேஸில் இருப்பவன் ஒரு பேஸ் முன்னேறுவான். மற்ற ஏழு பேரும் வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆட்டம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் கிரிக்கெட்டுக்குத் திரும்பினால் குற்றம் அவர்களுடையது இல்லை.

ஒவ்வொன்றையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

முழு பேஸ்பால்

பந்தின் எடை 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் குறைவு. பேஸுக்கும் பேஸுக்கும் 27.43 மீட்டர். ஒன்பது பேர் களத்தில் நிற்க வேண்டும்; பயிற்சிக்கு வராதவர்களையும் கணக்கில் எடுத்தால் பதினைந்து பெயராவது பட்டியலில் வேண்டும். பேஸ்களுக்கு அப்பால் உள்ள அவுட்ஃபீல்டோடு சேர்த்து ஹோமிலிருந்து 90 மீட்டருக்கு மேல் இடம் தேவை. மதுரை நகருக்குள் அந்த அளவு இடம் ரேஸ் கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம், பெரிய கல்லூரி மைதானங்கள் என்று சில இடங்களில்தான் இருக்கிறது. அங்கெல்லாம் அனுமதியும் நேர ஒதுக்கீடும் வாங்க வேண்டும்.

இதைக் கடைசியில் வைக்கச் சொல்ல முக்கியக் காரணம் பந்தின் வேகம். கடினமான பந்தைத் தரையில் அடித்தால் கட்டாந்தரையில் எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாது. க்ளவுஸ் பழகாதவன் பயத்தில் முகத்தைத் திருப்புவான். திருப்பினால்தான் பந்து காதிலோ தாடையிலோ படும். தலையைக் குனிந்து பந்தைக் கடைசிவரை பார்த்துப் பிடிக்கும் பழக்கம் வர இரண்டு மூன்று வாரமாவது ஆகும்.

நல்ல பக்கமும் உண்டு. பதினேழு, பதினெட்டு வயதுக்கு மேல், லெதர் பால் கிரிக்கெட் ஆடிப் பழகியவர்கள் பத்துப் பேர் இருந்தால் நேராக இதிலேயே இறங்கலாம். பந்துக்குப் பயப்படாத கை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரி அணி என்றால் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் போட்டிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இருப்பதால் ஆடுவதற்கு ஒரு இலக்கும் கிடைக்கும்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் முழு அளவு மைதானம் போடவே வேண்டாம். லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் அளவு போதும்: பேஸ் தூரம் 18.29 மீட்டர், பிட்சர் தூரம் 14.02 மீட்டர். பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு 21.34, 15.24 என்று நடுத்தர அளவு ஒன்றும் உண்டு. புது அணியில் பதினைந்து வயது வரைக்கும்கூட இந்த நடுத்தர அளவையே வைத்துக்கொள்ளலாம். முழு தூரத்தில் மூன்றாவது பேஸிலிருந்து முதல் பேஸுக்குப் பந்து போய்ச் சேர்வதற்குள் ஓடுபவன் போய் நின்றுவிடுவான். அவுட்டே ஆகாத ஆட்டத்தில் ஃபீல்டிங் கற்றுக்கொள்ள யாருக்கும் மனசு வராது.

சாஃப்ட்பால்

பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை 178 முதல் 198 கிராம். கிரிக்கெட் பந்தைவிடக் கனம், எனவே தலையில் பட்டால் பரவாயில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஹெல்மெட் இதிலும் கட்டாயம். பேஸ் தூரம் 18.29 மீட்டர். பிட்சர் தூரம் ஆண்களுக்கு 14.02, பெண்களுக்கு 13.11. ஏழு இன்னிங்ஸ். ஹோமிலிருந்து 60, 65 மீட்டர் இருந்தால் ஆடிவிடலாம் என்பதால் நடுத்தரமான பள்ளி மைதானமே போதும்.

நம்மூர்ப் பள்ளிகளுக்கு இது ஓரளவு பழக்கமான ஆட்டம். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் பட்டியலில் சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் இருக்கின்றன. பெண் பிள்ளைகள் அதிகம் சேரும் அணி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம். பிட்சர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: கையை முழு வட்டமாகச் சுற்றி வீசும் வேகப் பிட்சிங் ஒரு கோடையில் வராது. அதைப் பார்த்துவிட்டு முதல் நாளே எல்லோரும் கையைச் சுற்ற ஆரம்பித்தால் பந்து பின்னால் நிற்பவன் மேல் போய் விழும். புது அணியில் பந்தை வளைவாக, மெதுவாகத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். அடிப்பவனின் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேல் ஏறி இறங்கினால் போதும். இதை அரை மணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். பந்து பேட்டில் படும். ஃபீல்டர்களுக்கு வேலை வரும். பிட்சர் பஞ்சத்துக்கு சாஃப்ட்பாலில் இருக்கும் வழி இதுதான், முழு பேஸ்பாலில் இந்த வசதி கிடையாது.

பத்து வயதுக்குக் கீழுள்ள கைக்கு 12 அங்குலப் பந்து அடங்காது. 11 அங்குலப் பந்து வாங்குங்கள். அடங்காத பந்தைப் பிள்ளை உள்ளங்கையில் ஏந்தித் தள்ளும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு எறிவதைத் திருத்துவது பெரும்பாடு.

பேஸ்பால் ஃபைவ்

உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு உருவாக்கிய தெரு வடிவம். முதல் உலகக் கோப்பை 2022இல் மெக்சிகோ சிட்டியில் நடந்தது, கியூபா வென்றது. 2026 டக்கார் இளையோர் ஒலிம்பிக்கின் பட்டியலிலும் இடம்பிடித்திருக்கிறது. ஆகவே பொழுதுபோக்கு ஆட்டம் என்று ஒதுக்க முடியாது.

அணிக்கு ஐந்து பேர், ஐந்து இன்னிங்ஸ், பேஸ் தூரம் 13 மீட்டர். 18 மீட்டர் சதுரம் களம். ஆண், பெண் கலந்து ஆடுவது. பிட்சர் கிடையாது. அடிப்பவரே ரப்பர் பந்தைக் கையில் வைத்து, மறு கையால் அடித்துவிட்டு ஓட வேண்டும். பந்து களத்துக்குள் தரையில் பட்டுத்தான் போக வேண்டும். ஃபவுல் ஆனால், அதாவது ஹோமிலிருந்து முதல், மூன்றாவது பேஸுக்குப் போகும் கோடுகளுக்கு வெளியே போனால், அவுட். அடிக்கு முன் பேஸை விட்டு நகரக்கூடாது, அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடும் திருட்டு ஓட்டமும் இல்லை. ஐந்து ஃபீல்டர்களில் ஒருவர் நடுவில் நிற்பார், மற்ற நால்வரும் பேஸ்பாலின் இன்ஃபீல்டு (பேஸ்களை ஒட்டிய உள்களம்) இடங்களில்.

ஒவ்வொரு பந்தும் ஆட்டத்துக்குள் வருகிறது என்பதுதான் இதன் பலம். ஃபோர்ஸ் அவுட் (பந்தோடு பேஸை மிதிப்பது) எது, டேக் அவுட் (பந்தால் ஆளைத் தொடுவது) எது, எந்த பேஸுக்கு எறிவது என்ற முடிவுகளைப் பத்து நிமிடத்தில் இருபது முறை எடுக்க வேண்டிவரும். முழு பேஸ்பாலில் அதே இருபது முடிவுகளுக்கு ஒரு வாரம் ஆகும். செலவு என்று பார்த்தால் நான்கு பந்து, ஐந்து ரப்பர் துண்டு, அளவு டேப்.

குறைகளும் தெளிவானவை. நீண்ட எறி இல்லை, உயரமான கேட்ச் இல்லை, பேட் இல்லை. பதினாறு வயசுப் பையன்கள் நான்கைந்து நாளில் "எப்பண்ணே பேட் குடுப்பீங்க?" என்று கேட்கத் தொடங்குவார்கள். பள்ளிக்கூடச் சிமென்ட் தளத்தில் ஆடினால் விழுந்து முழங்கால் தேயும், மே மாதத்தில் எட்டரைக்கு மேல் தளமே கொதிக்கும். மண்தரையில் ஆடுங்கள்.

எங்கள் பரிந்துரை இதுதான்: பதினாறு வயதுக்குக் கீழ் எந்த அணியாக இருந்தாலும் முதல் பத்து, பன்னிரண்டு நாள் பேஸ்பால் ஃபைவ், அதற்குப் பிறகு மெதுப் பந்து சாஃப்ட்பால். முழு பேஸ்பாலை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது கீழே சொல்லும் தேர்வில் தேறிய பிறகு. லெதர் பால் ஆடிய பெரியவர்கள் மட்டும் விதிவிலக்கு.

கண்மாயா, பள்ளி மைதானமா?

கோடையில் வற்றிய கண்மாய் இலவசம், பரந்த இடம், பந்து எங்கே போனாலும் கண்ணாடி உடையாது. ஆனால் வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் போச்சு. பாளத்தின் விளிம்பில் பட்ட பந்து நேராக முகத்துக்கு எழும்பும். சீமைக்கருவேல முள் செருப்பையே துளைக்கும், க்ளவுஸ் எம்மாத்திரம். கண்மாயில் ஆடுவதானால் கரையோரமாகப் புல் பிடித்த மேட்டுப் பகுதியைத் தேடுங்கள், இன்ஃபீல்டு அளவுக்காவது மண்வெட்டியால் செதுக்கித் தண்ணீர் தெளித்து அமுக்குங்கள், தோல் பந்தில் கிரவுண்டர் (தரையோடு வரும் பந்து) பயிற்சியே வேண்டாம். மே மாத மாலைகளில் இடி மழை ஒன்று பெய்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு அந்த மண் காலை விடாது. ஏற்கெனவே அங்கே பிட்ச் போட்டு ஆடும் கிரிக்கெட் அணியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

பள்ளி மைதானம் சமமாக இருக்கும், சுற்றுச்சுவர் இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்கும். எது கிடைத்தாலும் இதையே எடுங்கள். நடுவில் சிமென்ட் கிரிக்கெட் பிட்ச் இருந்தால் அது இன்ஃபீல்டுக்குள் வராதபடி ஒரு மூலையில் ஹோமை வையுங்கள். ஹோமுக்கு ஏழு, எட்டு மீட்டர் பின்னால் இரண்டு சவுக்குக் கம்பு நட்டுப் பழைய கிரிக்கெட் நெட்டைக் கட்டினால் விடுபட்ட பந்தைத் துரத்தும் நேரம் பாதியாகும். டூ வீலர்களை அந்தப் பக்கம் நிறுத்தவிடாதீர்கள். ஃபவுல் பந்துக்கு அதுதான் பிடித்த இடம்.

சதுரத்தைக் கண்ணளவில் போடாதீர்கள். சாஃப்ட்பாலுக்கு: ஹோமின் பின்முனையில் ஒரு ஆணி, அங்கிருந்து 25.86 மீட்டரில் இரண்டாவது பேஸ். இப்போது ஹோமிலிருந்து 18.29, இரண்டாவது பேஸிலிருந்து 18.29 என்று இரண்டு டேப்புகளை இழுங்கள். இரண்டும் வலப்பக்கம் சந்திக்கும் புள்ளி முதல் பேஸ், இடப்பக்கம் சந்திப்பது மூன்றாவது. பேஸ்பால் ஃபைவுக்கு இதே முறையில் 13, 18.38. முழு பேஸ்பாலுக்கு 27.43, 38.79. அளந்ததும் ஆணியைப் பிடுங்கிவிடுங்கள். கோடு போட நீற்றின சுண்ணாம்பு வேண்டாம், சறுக்கி விழும்போது கண்ணில் பட்டால் எரித்துவிடும். கோலமாவு போதும்.

திசையையும் கவனிக்க வேண்டும். பேஸ்பால் விதிநூல் ஹோமிலிருந்து இரண்டாவது பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்கு நோக்கி இருப்பது நல்லது என்கிறது. பிற்பகல் ஆட்டத்துக்கு அது சரி. மேற்கே சாயும் சூரியன் அடிப்பவனின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஆனால் மே மாதம் மதுரையில் சூரியன் உதிப்பதும் ஏறக்குறைய அதே கிழக்கு-வடகிழக்கில்தான். காலை ஆறரைக்கு அந்தத் திசையில் நின்று அடிப்பவனுக்குப் பந்தே தெரியாது. காலைப் பயிற்சி என்றால் ஹோமைத் தெற்கே வைத்து வடக்குப் பார்த்து அடிக்க விடுங்கள். அப்போது மூன்றாவது பேஸிலிருந்து வரும் எறியை முதல் பேஸ்காரன் சூரியனுக்கு முதுகு காட்டிப் பிடிப்பான். மாலைக்கு விதிநூல் திசை.

கிரிக்கெட் கையோடு வருகிறவர்கள்

அணியில் சேரும் எல்லோருமே கிரிக்கெட் ஆடியவர்களாக இருப்பார்கள். அதனால் பாதி வரம், பாதி சாபம். எந்த ஆட்டத்தைத் தேர்ந்தாலும் இந்தத் திருத்தங்கள் தப்பாது.

முதலாவது க்ளவுஸ். வலக்கை ஆட்டக்காரன் க்ளவுஸை வலக்கையில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பான், ஒற்றைக் கையில் கேட்ச் பிடித்துப் பழகிய கை அதுதானே. எறிகிற கை காலியாக இருக்க வேண்டும். வலக்கைக்காரனுக்கு க்ளவுஸ் இடக்கையில். இடக்கைப் பிள்ளைகளுக்கு வலக்கையில் மாட்டும் க்ளவுஸ் தனியாக வாங்க வேண்டும், பத்து வாங்கினால் குறைந்தது இரண்டு அப்படி இருக்கட்டும்.

அடுத்தது ஓட்டம். அடித்துவிட்டு நின்று பார்க்கும் பழக்கம். கிரிக்கெட்டில் ஓடுவதா வேண்டாமா என்பது அவன் இஷ்டம். இங்கே பந்து ஃபேராக, அதாவது ஃபவுல் கோடுகளுக்குள், விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். அதோடு பேட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடுவான், அல்லது ஆவேசத்தில் பின்னால் வீசுவான். வீசிய பேட் கேட்சரின் முட்டியைப் பதம் பார்க்கும். அடித்த இடத்திலேயே ஒரு சைக்கிள் டயரைப் போட்டு, பேட்டை அதற்குள் வைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்று சொல்லுங்கள். டயருக்கு வெளியே விழுந்தால் அவுட். நான்கு நாளில் சரியாகிவிடும்.

"ஒன் பிட்ச் கேட்ச்" தெரு விதி ரத்தத்தில் ஊறியது. ஒரு குத்துக் குத்தி வந்த பந்தைப் பிடித்துவிட்டு அவுட் என்று குதிப்பார்கள், ஓடுபவன் அதற்குள் முதல் பேஸில் நிற்பான். பேஸ்பால் ஃபைவில் பெரும்பாலான பந்துகள் குத்தித்தான் வரும் என்பதால் இந்தப் பழக்கம் அங்கேயே ஒழிந்துவிடும், இதுவும் அதை முதலில் வைக்க ஒரு காரணம்.

எறிவது ஸ்டம்பைப் பார்த்து இல்லை, ஆளின் நெஞ்சைப் பார்த்து. ஸ்டம்புக்கு எறிந்து பழகியவர்கள் முதல் பேஸ்காரனின் காலடிக்கே எறிவார்கள். தோல் பந்தில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே படியும்படி பிடிக்கச் சொல்லுங்கள், பந்து நேராகப் போகும். விரலைத் தையலோடு சேர்த்து வைத்தால் பக்கவாட்டில் நெளியும்.

விக்கெட் கீப்பர்தான் கேட்சர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தைரியம் உதவும், கை உதவாது. கீப்பர் இரண்டு கையாலும் பின்வாங்கிப் பிடிப்பான். கேட்சருக்கு ஒரு கைதான், மற்றதை முதுகுக்குப் பின்னாலோ கணுக்காலுக்குப் பக்கத்திலோ மறைக்க வேண்டும். முன்னால் நீட்டினால், பேட்டில் உரசி வரும் பந்தில் (ஃபவுல் டிப்) கட்டைவிரல் போய்விடும். பேட் சுழலும்போது கண் மூடுவது அடுத்த சிக்கல். கண் மூடாதவன் யார் என்று கண்டுபிடிக்க, பிடிப்பவனை நெட்டுக்குப் பின்னால் உட்காரவைத்து முன்னால் ஒருவனைச் சும்மா பேட் சுழற்றவிட்டு டென்னிஸ் பந்து எறியுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கிரிக்கெட்டுக்கு வெளியேயும் தேடுங்கள். கோ-கோ ஆடிய பெண் பிள்ளைகள் பேஸ் ஓட்டத்தில் அசத்துவார்கள். திசை மாற்றுவதும் குனிந்து தப்பிப்பதும் அவர்களுக்குச் சாதாரணம். கபடிக்காரர்களுக்கு டேக் போடவும் டேக்கிலிருந்து நழுவவும் யாரும் சொல்லித்தர வேண்டாம். பிட்சர் வேண்டுமானால் ஈட்டி எறிபவரைப் பிடியுங்கள். 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறி வீரர்கள், பேஸ்பால் ஆடி வளர்ந்தவர்கள் இல்லை.

என்ன வாங்குவது, என்ன செய்துகொள்வது

சாஃப்ட்பாலில் இறங்கும் பதினாறு பேர் அணிக்கு: பந்து பன்னிரண்டு, க்ளவுஸ் பத்து (இரண்டு அணிகளும் மாறி மாறிப் போட்டுக்கொள்ளும்), பேட் மூன்று, காதுகளை மூடும் ஹெல்மெட் மூன்று, கேட்சர் செட் ஒன்று, அப்டமன் கார்டு அவரவருக்கு. பணம் தட்டினால் பேட்டில் குறையுங்கள், ஹெல்மெட்டிலும் கேட்சர் செட்டிலும் கை வைக்காதீர்கள். மெதுப் பந்து வரைக்கும் கிரிக்கெட் ஹெல்மெட்டைக் கேட்சருக்கு மாட்டலாம். தொண்டை திறந்தே இருக்கும் என்பதால் வேகப் பிட்சிங்குக்கு அது ஆகாது.

அலுமினிய பேட்டால் கிரிக்கெட் பந்தை அடிக்க விடக்கூடாது. அந்தப் பந்து கெட்டி, பேட் ஒடுங்கும். அடிப் பயிற்சிக்கு டென்னிஸ் பந்தும், அசையாமல் பந்தை ஏந்தும் டீயும் போதும். டீயை வாங்க வேண்டியதில்லை: பெயின்ட் வாளியில் சிமென்ட் ஊற்றி ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயை நடுங்கள், மேல்முனையில் ஒரு சாண் ரேடியேட்டர் ஹோஸ். இடுப்பு உயரம். பேஸ்களை 38 சென்டிமீட்டர் சதுரமாகப் பழைய லாரி மட்ஃப்ளாப்பிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். மணல் மூட்டையை பேஸாக வைக்காதீர்கள், வேகமாக வந்து மிதித்தால் கணுக்கால் மடங்கும்.

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் உள்ளீடற்ற ரப்பர் பேஸ்பால் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கான எம் பந்து 138 கிராம். நம் தரைக்கு மிகப் பொருத்தமானது, வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் சொல்லிவிடுங்கள்.

எப்போது அடுத்ததற்கு மாறுவது

பேஸ்பால் ஃபைவிலிருந்து சாஃப்ட்பாலுக்கு மாற ஒரே கேள்வி: முதல் பேஸில் ஆள், ஒரு அவுட், பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர்) வருகிறது, எங்கே எறிவது? யாரும் கத்தாமலே இரண்டாவது பேஸுக்கு எறிந்தால் மாறலாம்.

சாஃப்ட்பாலிலிருந்து தோல் பந்துக்கு மாற இரண்டு தேர்வு. ஜோடி ஜோடியாக 18 மீட்டரில் இருபது எறி; குறைந்தது பதினைந்து நெஞ்சு உயரத்தில் போய் க்ளவுஸில் நிற்க வேண்டும். பிட்சர் என்று தேர்ந்தவன் இருபதில் பத்தையாவது ஸ்டிரைக்காகப் போட வேண்டும், கேட்சர் இருபதில் மூன்றுக்கு மேல் விடக்கூடாது. தேறாதவரை கோச் பன்னிரண்டு மீட்டரிலிருந்து நேராக, மிதமாக எறிந்து ஆடவைக்கலாம்.

பிட்சர் கிடைத்துவிட்டால் அவன் கையைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. லிட்டில் லீக்கின் ஒரு நாள் வரம்பு 9-10 வயதுக்கு 75 பந்து, 11-12க்கு 85, 13 முதல் 16 வரை 95. பதினான்கு வயதுக்குள் இருப்பவன் 66 அல்லது அதற்கு மேல் போட்டால் நான்கு நாள் ஓய்வு. அவையெல்லாம் பழகிய கைக்கு. முதல் கோடையில் அதில் பாதிக்கு மேல் வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றோடு எறிவதை நிறுத்துங்கள், தைலம் தேய்த்துவிட்டு மறுநாளே மறுபடி எறியவைக்காதீர்கள். வளைந்து போகும் கர்வ் பந்து பேச்சே வேண்டாம்.

நேரம் காலை ஆறு முதல் எட்டு. மாலை என்றால் ஐந்துக்கு மேல். மே முதல் வாரம் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் காலை ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்ளலாம். கால் மணிக்கு ஒருமுறை எல்லோரும் ஒரு தம்ளர் தண்ணீர், கடைசியில் உப்புப் போட்ட நீர்மோர். கேட்சர் செட்டுக்குள் இருப்பவனை இன்னிங்ஸுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் பயிற்சியே வைக்காதீர்கள். சாலையும் திறந்திருக்காது, பிள்ளைகளும் வர மாட்டார்கள்.

எதிரணி கிடைப்பதுதான் கடைசிச் சிக்கல். இருக்கும் பதினாறு பேரை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு எட்டு. அவுட்ஃபீல்டில் மூன்றுக்குப் பதில் இரண்டு பேரை நிறுத்தி ஆடலாம். பக்கத்துப் பள்ளியின் கிரிக்கெட் பையன்களை அழைத்தால் பேஸ்பால் ஃபைவ் ஆடுங்கள், அரை மணியில் விதி புரிந்துவிடும். பேட் வைத்து ஆடும் முதல் போட்டிக்கு மூன்று உள்ளூர் விதிகளை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளட்டும்: ஒரு இன்னிங்ஸில் ஐந்து ரன் வந்தால் பக்கம் மாறும், பேஸ் திருட்டு இல்லை, நான்கு பந்து வெளியே போனால் முதல் பேஸுக்கு நடக்க விடாமல், அடிக்கும் அணியின் கோச் வந்து மூன்று பந்து போடுவார், அதையும் அடிக்காவிட்டால் அவுட்.